சொன்னவர்தான் மாற்றிச் சொல்ல வேண்டும்

பேருந்து நிலையத்தில் அவருக்கு மைக்கம்மா என்று பெயர். டைம் கீப்பர் உட்காரும் அறைக்கு மேலே, இரும்புப் படிக்கட்டு ஏறிப் போனால், மூன்று பக்கம் கண்ணாடி வைத்த ஒரு சின்னக் கூண்டு இருக்கும். உள்ளே ஒரு மேசை, ஒரு ஆம்ப்ளிஃபையர், கைக்குட்டை சுற்றிய மைக், ஒரு கால் ஆடுகிற நாற்காலி. எந்த வண்டி எந்த மேடைக்கு வருகிறது, எது தாமதம், எது இன்றைக்கு இல்லவே இல்லை என்று காலையிலிருந்து பொழுது சாயும்வரை அங்கிருந்துதான் சொல்லிக்கொண்டிருப்பார். கல்யாணமான இரண்டாம் வருஷம் கணவர் இறந்துபோக, பேருந்து ஓட்டுநராக இருந்த அண்ணன் யார் யார் காலையோ பிடித்து வாங்கிக் கொடுத்த வேலை. தற்காலிகம் என்று எழுதிக் கொடுத்தார்கள். தலை நரைத்த பிறகும் அதே தற்காலிகம்தான்.

அவர் குரல் இனிமையானது என்று சொல்ல முடியாது. தெளிவானது. அவசரப்படாமல், சொல்லுக்குச் சொல் இடம் விட்டு, கேட்பவர் மறுகேள்வி கேட்காதபடி வரும். "மைக்கம்மா வாயைத் திறந்தா தூங்கிட்டிருக்கற டிரைவர்கூட எந்திரிச்சு சீட்டுல உக்காந்துருவான்" என்பது நடத்துநர்கள் மத்தியில் ஓடிய கிண்டல். அந்தக் குரலுக்குப் பின்னால் இரண்டு விதிகள் இருந்தன. இரண்டும் அவரே அடிபட்டுக் கண்டுபிடித்தவை.

முதல் விதி, அறிவிப்பில் 'லாம்' வரக்கூடாது. "மூணாம் மேடைக்கு வரலாம்னு சொன்னா எவன் போய் நிப்பான்? வரும்னு சொல்லு. வரலேன்னா அப்புறம் பாத்துக்கலாம்." இரண்டாவது, மேடையை மாற்றினால் முதலில் சொன்ன குரல்தான் மாற்றிச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் அவர் டீ குடிக்கப் போயிருந்தபோது, மூன்றாம் மேடை வண்டி ஏழுக்குப் போனது. குமாஸ்தா ஒருவர் மைக்கைப் பிடித்து அதைச் சொன்னார். ஒருவரும் அசையவில்லை. அந்தம்மா மூணுன்னு சொல்லிச்சு, இவன் யார் ஏழுன்னு சொல்ல என்று மூட்டைமேல் உட்கார்ந்தே இருந்தார்கள். வண்டி காலியாகப் போன பிறகு கல் எறிந்தார்கள். விரிசல் விட்ட கண்ணாடியில் ஒட்டிய டேப் இன்னும் அங்கே மஞ்சளாக இருக்கிறது.

அதற்குப் பிறகு அவர் மைக்கை யாரிடமும் கொடுத்ததில்லை. கீழே இருந்த டைம் கீப்பருக்கு ரொம்ப நாளாக ஆசை. அவருக்குக் குரல் தகர டப்பாவில் சரளைக் கல் போட்டுக் குலுக்கினது போல இருக்கும்.

"ஒரே ஒரு வண்டி நான் சொல்றேன்க்கா."

"நீ சொன்னா வண்டியே திரும்பிப் போயிடும்டா. போய் நேரத்தை எழுது."

நோய் வந்தது. முதலில் வேறு எங்கோ, பிறகு துறைமுகம் இருக்கிற ஊர்களில், பிறகு இங்கே. பேருந்துகளை நிறுத்தினார்கள். வண்டிகள் எல்லா மேடைகளிலும் கதவு சாத்தி நின்றன. மைக்கம்மா மட்டும் தினமும் வந்து கூண்டைத் திறந்து, மேசையைத் துடைத்து, சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். வீட்டில் உட்கார்ந்தால் காது அடைப்பதுபோல இருக்கிறது என்று டைம் கீப்பரிடம் சொன்னார்.

ஊருக்கு ஒரு சர்வதேசக் குழு வந்து இறங்கியிருந்தது. வெள்ளை வண்டிகள், பெட்டி பெட்டியாகக் கையுறை, நெட்டையான ஒரு பெண் டாக்டர், அவர் பேசுவதைத் திருப்பிச் சொல்ல ஒருவர். வாராவாரம் வெளிநாட்டிலிருந்து அவர்களுக்கு வழிகாட்டுதல் வரும். அதை ஊருக்குப் புரியும்படி சுருக்கி, மக்களிடம் சேர்ப்பது சுகாதாரத் துறையின் தகவல் அலுவலர் பொறுப்பு. ஒல்லியான மனிதர், இரண்டு கைப்பேசி, தூக்கமில்லாத கண். அவருக்கு அப்போது இருந்த பெரிய தலைவலி ஆஸ்பத்திரி வாசல். லேசாகத் தும்மினவர்கள்கூட வரிசையில் நின்றார்கள். நோய் இல்லாமல் வந்தவர்கள் நோயோடு திரும்பினார்கள். துண்டுப் பிரசுரம், தொலைக்காட்சி, நடிகர்கள் பேசிய படம், எதற்கும் ஜனங்கள் அசையவில்லை.

"ஊர்ல யார் சொன்னா கேப்பாங்க?" என்று அவர் ஓட்டுநர்களிடம் விசாரித்திருக்கிறார். ஓட்டுநர்கள் மேலே கையைக் காட்டினார்கள்.

கூண்டில் நல்ல மைக்கும் இருந்தது, வெளிச்சத்தம் வராத கதவும் இருந்தது. அலுவலர் தாளை நீட்டினார். மைக்கம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்துப் பார்த்தார்.

"சார், இதுல 'தற்போதைக்கு'ன்னு மூணு இடத்துல இருக்கு. 'வீட்டிலேயே இருக்கலாம்'னு இருக்கு."

"ஆமா மேடம். அங்கேருந்து அப்படித்தான் வந்திருக்கு. விவரம் மாறிட்டே இருக்கும்ல."

"இப்படிப் படிச்சா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. 'இருக்கலாம்'னா 'போகலாம்'னும் அர்த்தம் ஆயிடும். 'இருங்கள்'னு போடுங்க. தற்போதைக்குங்கறதை எடுத்துடுங்க."

அலுவலர் கொஞ்சம் யோசித்துவிட்டு, பேனாவை எடுத்து அடித்தார். வந்தது இதுதான்: காய்ச்சல், இருமல் மட்டும் இருந்தால் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டாம். வீட்டிலேயே தனியாக இருங்கள். மூச்சுத் திணறல் வந்தால் மட்டும் வாருங்கள்.

படித்து முடித்துவிட்டு மைக்கம்மா தன் இரண்டாவது விதியையும் சொன்னார். "நாளைக்கு ஏதாவது மாத்தணும்னா என்னையே கூப்பிடுங்க. சொன்னவங்கதான் மாத்திச் சொல்லணும். வேற குரல்ல சொன்னா ஒருத்தரும் மூட்டையைத் தூக்க மாட்டாங்க." டேப் ஒட்டின கண்ணாடியையும் காட்டினார். அலுவலர் அசந்துபோனார். அன்று சாயங்காலக் கூட்டத்தில் அதைச் சொல்லியிருக்கிறார். நெட்டை டாக்டர் பலமாகத் தலையாட்டினாராம். ஒரே செய்தி, ஒரே குரல் என்று முடிவானது. மேலிடத்திலும் அப்படியே ஒப்புதல் வாங்கிவிட்டார்கள்.

ஒலிபெருக்கி கட்டிய வேன்கள் தெருத் தெருவாகப் போயின. கைப்பேசியில் யாரை அழைத்தாலும், மணி அடிக்கிறதற்கு முன்னால், அந்தக் குரல் வந்து வீட்டிலேயே இருக்கச் சொன்னது. ஒரே வாரத்தில் ஆஸ்பத்திரி வாசல் காலியானது. நெட்டை டாக்டர் கூண்டுக்கே ஏறி வந்து, முழங்கையால் முழங்கையை இடித்துப் பாராட்டிவிட்டுப் போனார். மைக்கம்மா அந்த முழங்கையைத் தடவிக்கொண்டே கீழே இறங்கி வந்ததாக டைம் கீப்பர் சொல்வார்.

எல்லாரையும்விட அண்ணனுக்குத்தான் தலைகால் புரியவில்லை. ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்த ஓட்டுநர். பெருத்த உடம்பு, சர்க்கரை வியாதி, அடுத்த தெருவுக்குக் கேட்கும் தொண்டை. தங்கைக்கு ஐம்பது தாண்டியும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

"பாப்பா, உன்கிட்ட பேசணும்னு போன் போட்டா முதல்ல நீயே எடுத்து 'வராதே'ங்கற. அப்புறம் நீயே எடுத்து 'எப்ப வர்ற'ங்கற. நான் எந்தப் பாப்பா பேச்சைக் கேக்க?"

"போன்ல வர்ற பாப்பா பேச்சைக் கேளு. அவளுக்குத்தான் சர்க்கார் சம்பளம் குடுக்குது."

"குடுக்குதா?"

"இல்ல. சால்வை போடறேன்னு சொல்லியிருக்காங்க."

பின்னாலிருந்து அண்ணி சொல்வது கேட்டது. "இவரு வெளிய கால் வைக்கறதே இல்ல. கட்டினவ சொன்னா காதுல ஏறாது. தங்கச்சி மெஷின்ல சொன்னா வேதவாக்கு."

மழை தொடங்கிய வாரத்தில் புதுத் தாள் வந்தது. மற்ற ஊர்களில் வீட்டிலேயே இருந்தவர்கள் சிலர் மூச்சுத் திணறலே தெரியாமல் செத்துக்கொண்டிருந்தார்கள். பேசிக்கொண்டு, சாப்பிட்டுக்கொண்டு, உட்கார்ந்த இடத்தில் போனார்கள். உடம்பில் பிராணவாயு குறைவது வெளியே தெரியவில்லை. அதனால் ஐம்பது வயது தாண்டியவர்களும் சர்க்கரை உள்ளவர்களும் காய்ச்சல் வந்த மறுநாளே வந்து, விரலில் மாட்டும் சின்னக் கருவியில் அளவு பார்த்துக்கொள்ள வேண்டும், திணறல் வரும்வரை காத்திருக்கக் கூடாது என்று அதில் இருந்தது. சர்வதேசக் குழு விரல் கருவிகளைப் பெட்டியாகக் கொண்டுவந்து முகாம்களில் இறக்கியும் விட்டது. இனி ஜனங்கள் வர வேண்டியதுதான் பாக்கி.

தாளை எடுத்துக்கொண்டு அலுவலர் கூண்டுக்கு ஏறினபோது, நாற்காலி காலியாக இருந்தது. மைக்கம்மாவுக்குக் காய்ச்சல், பேசினால் மூச்சும் வாங்கியது. முந்தின நாள்தான் டைம் கீப்பர் அவரைக் கல்லூரி விடுதியில் போட்டிருந்த வார்டில் சேர்த்துவிட்டு வந்திருந்தார். விரல் அளவு மோசமில்லை. குரல்தான் போயிருந்தது.

அலுவலர் வார்டு ஜன்னலுக்கு வந்தார். பிளாஸ்டிக் உறைக்குள் போட்ட ஒலிப்பதிவுக் கருவியை நர்ஸ் உள்ளே கொண்டுபோனார். மைக்கம்மா எழுந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு, படித்தார். போட்டுக் கேட்டார்கள். ஓட்டைக் குழாயில் காற்று போகிற சத்தம் வந்தது. நடுவில் இருமல்.

"இது யாருன்னே தெரியாது மேடம்" என்றார் அலுவலர், ஜன்னலுக்கு வெளியே நனைந்துகொண்டே. "டாக்டர் சொல்றாரு, சில நாள்ல தொண்டை சரியாயிடும்னு. பேப்பர்லயும் இணையப் பக்கத்துலயும் இன்னிக்கே போட்டாச்சு. வேனுக்கும் போனுக்கும் உங்க குரல் வரட்டும். நீங்க சொன்ன மாதிரி, மாத்திச் சொல்றது நீங்களாத்தானே இருக்கணும். தாள் ஒரு பிரதி கூண்டு மேசைமேல வச்சிருக்கேன். காத்திருக்கோம்."

மைக்கம்மா தலையாட்டினார். காய்ச்சலில் ஆட்டியதல்ல அது. தன் குரலுக்காக ஒரு சர்க்காரே காத்திருக்கிறது என்பது அந்த நேரத்தில் நெஞ்சுக்கு இதமாகத்தான் இருந்தது. பின்னால் யார் கேட்டாலும் அதை அவர் மறைத்ததில்லை.

பழைய அறிவிப்பு தெருக்களில் ஓடிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்தவும் இல்லை. நிறுத்தினால் வாசலில் மறுபடி கூட்டம் சேர்ந்துவிடும் என்று பயந்தார்கள்.

ஒரு மத்தியானம், பக்கத்துக் கட்டிலில் தையல்காரப் பெண் ஒருத்தியைப் படுக்க வைத்தார்கள். அவள் கணவனை வேறு பக்கம் ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோயிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வந்து அவள் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். அவள் அழவில்லை. நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டு விளக்கம் சொல்லத் தொடங்கினாள்.

"திணறல் வந்தா மட்டும் வாங்கன்னுதானே சிஸ்டர் அந்தம்மா சொல்லிச்சு. இவருக்குத் திணறவே இல்லையே. காலையில டீ கேட்டாரு. சக்கரை கம்மின்னு என்னைத் திட்டினாரு. திட்டற ஆளுக்கு மூச்சு இல்லேன்னு நான் எப்படி நினைப்பேன்?"

"உங்க மேல தப்பில்லம்மா."

"அந்தம்மா தப்பாச் சொல்லுமா? பஸ்ஸே அதைக் கேட்டுத்தான் கிளம்பும்."

பிறகு இந்தப் பக்கம் திரும்பி, "நீங்களும் கேட்டிருப்பீங்கள்ல, அந்தம்மா பேசறதை?" என்றாள். குரல் இல்லாத மைக்கம்மாவை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. மைக்கம்மா ஆமென்று தலையாட்டினார்.

அவள் கண்ணை மூடியதும் கைப்பேசியை எடுத்து அண்ணனை அழைத்தார். மணி அடிப்பதற்கு முன்னால் அவருடைய குரலே வந்தது. பழைய குரல், சளி இல்லாமல், கண்ணாடிபோல. காய்ச்சல், இருமல் மட்டும் இருந்தால் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டாம். முழுவதும் சொல்லி முடித்துத்தான் வழிவிட்டது.

"பாப்பாவா? உடம்பு எப்படி இருக்கு?"

"காய்ச்சலா?" என்று மைக்கம்மா கேட்டார். காற்றுதான் வந்தது. அண்ணனுக்குப் புரிந்துவிட்டது.

"எனக்கா? லேசா... இருக்கு. மூணு நாளா. அதெல்லாம்... ஒண்ணுமில்ல. திணறல்... கிடையாது. வீட்டுலதான்... இருக்கேன். உன் பேச்சை... தட்டினதே இல்ல."

காது பழகினவர் மைக்கம்மா. எந்தச் சொல்லுக்கு எங்கே மூச்செடுக்க வேண்டும் என்பதுதான் அவர் தொழில். நிலையத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஒரே மூச்சில் கெட்ட வார்த்தை எறியக்கூடிய மனிதர், இப்போது இரண்டு சொல்லுக்கு ஒருமுறை நிறுத்தினார். அவருக்கே அது தெரியவில்லை.

"வா" என்றார் மைக்கம்மா. "ஆஸ்பத்திரிக்கு வா."

"என்னது? தகரத்தை இழுக்கற... மாதிரி இருக்கு. நீ பேசாத. தொண்டை கெட்டுடும்."

நர்ஸிடம் கைப்பேசியைக் கொடுத்து, கையைக் கூப்பினார். நர்ஸ் பேசினார். விரல் கருவி, அளவு, சர்க்கரை எல்லாம் பொறுமையாகச் சொன்னார். ஸ்பீக்கரில் அண்ணன் சொன்ன பதில் கட்டில்வரை கேட்டது.

"நர்ஸம்மா, நீங்க நல்லதுக்குத்தான்... சொல்றீங்க. ஆனா என் தங்கச்சி... வேற மாதிரி சொல்றாளே. அவதான் சொன்னா... அவதான் மாத்திச் சொல்லணும். அதான் எங்க... பஸ் ஸ்டாண்டு வழக்கம். குரல் வரட்டும்... சொல்லட்டும், வரேன்."

அண்ணி வாங்கிப் பேசினார். "சிஸ்டர், ஆஸ்பத்திரிக்குப் போனா இல்லாததும் ஒட்டிக்கும்னு ஊரே பேசுது. போன்லயும் அதைத்தானே சொல்லுது. நல்லா இருக்கற மனுஷரை எதுக்கு இழுத்துட்டு வர்றது?" வைத்துவிட்டார்.

மைக்கம்மா அலுவலருக்குத் தட்டச்சு செய்து அனுப்பினார். யார் வேண்டுமானாலும் படிக்கட்டும், இப்போதே போடுங்கள். பதில் வந்தது. குரலை மாற்ற மேலிடத்தில் மறுபடி ஒப்புதல் வாங்க வேண்டும் மேடம், கேட்டிருக்கிறேன்.

அடுத்தது டைம் கீப்பருக்கு. அண்ணனைத் தூக்கிக்கொண்டு வா. அப்புறம் கூண்டைத் திற. மேசை மேல் தாள் இருக்கிறது. நீயே படி.

டைம் கீப்பர் டிப்போவில் சாவியோடு இருந்த ஒரு ஓட்டுநரைப் பிடித்து, ஒரு முழுப் பேருந்தையே எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றார். ஹாரன் சத்தம் கேட்டு அண்ணன் எட்டிப் பார்த்திருக்கிறார். தங்கை அனுப்பினாள் என்றபோது நம்பவில்லை. கைப்பேசியில் வந்த செய்தியைக் காட்டியும் நம்பவில்லை. கடைசியில் டைம் கீப்பர் வேறு வழியில் போனார்.

"அண்ணே, இவன் கிளட்ச்சைக் கொல்றான். வந்து ஒரு தடவ உக்காந்து பாத்துச் சொல்லுங்க."

மாதக்கணக்கில் வண்டியைத் தொடாத மனிதர். சட்டையை மாட்டிக்கொண்டு வந்து ஏறினார். படியில் ஒருமுறை நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஏறினதும் ஓட்டுநர் இருக்கையில் உட்காராமல், பக்கத்து இருக்கையில் தானாகவே சாய்ந்தார். அப்போதுதான் அண்ணிக்கும் பயம் வந்தது. செருப்பைக்கூடப் போடாமல் பின்னால் ஏறினார்.

வார்டில் விரலில் கருவியை மாட்டினார்கள். எண்ணைப் பார்த்த நர்ஸ் அதைக் கழற்றி, துடைத்து, வேறு விரலில் மாட்டினார். பிறகு அதையும் கழற்றாமல் ஓடினார்.

ஆண்கள் பகுதி தாழ்வாரத்துக்கு எதிர்ப்புறம். நடுவில் பிளாஸ்டிக் திரை. பிராணவாயு முகமூடியைக் கழற்றக் கூடாது என்று யாரோ அதட்டுவது கேட்டது. அதைக் கழற்றிவிட்டுத்தான் அண்ணன் கூப்பிட்டிருக்க வேண்டும்.

"பாப்பா. மூணாம் நம்பர்ல... போட்டிருக்காங்க. மாத்தினா... சொல்லு."

மைக்கம்மா திரையைத் தட்டினார். அதுதான் முடிந்தது.

அதே சாயங்காலம் பேருந்து நிலையத்து ஒலிபெருக்கிகள் நீண்ட நாளுக்குப் பிறகு கரகரத்தன. டைம் கீப்பர் மைக்கில் கைக்குட்டை இருப்பதை மறந்து ரொம்பக் கிட்டப்போய்ப் பேசினார். வண்டி நேரம் எழுதுகிற ஆள், அவருக்குத் தெரிந்த விதத்தில் சொன்னார்.

"கவனிக்கவும். மைக்கம்மாவுக்குக் குரல் இல்ல, அதனால நான் பேசறேன். முன்னாடி சொன்னது மாறிடுச்சு. அம்பது தாண்டினவங்க, சக்கரை உள்ளவங்க, காய்ச்சல் வந்தா மறுநாளே முகாமுக்கு வாங்க. விரல்ல அளவு பாப்பாங்க. திணறல் வரட்டும்னு உக்காந்திருக்காதீங்க. மைக்கம்மாவோட அண்ணன் அப்படித்தான் உக்காந்திருந்தாரு."

பிறகு வேன் ஓட்டுநர்களைக் கூண்டுக்கு வரவழைத்து, அதையே பதிவு செய்து ஆளுக்கொன்று கொடுத்தார். அனுமதி கேட்கவில்லை. மறுநாள் காலை முகாம் வாசலில் வரிசை தெருமுனையைத் தாண்டியிருந்தது. பெரியவர்களைச் சைக்கிளிலும் தள்ளுவண்டியிலும் வைத்துக் கூட்டி வந்திருந்தார்கள். அலுவலர் கோபமாக ஓடிவந்தார். வரிசையைப் பார்த்துவிட்டு, விரல் கருவி போதாது என்று இரண்டு கைப்பேசியிலும் மாறி மாறிப் பேசத் தொடங்கினார்.

செய்தியை வார்டில் நர்ஸ் வந்து சொன்னார். ஜனங்கள் வந்துவிட்டார்கள், யார் குரலுக்கும் காத்திருக்கவில்லை. நல்ல சேதி என்று நினைத்துத்தான் சொன்னார். மைக்கம்மா கேட்டுக்கொண்டார். ஒருத்தரும் மூட்டையைத் தூக்க மாட்டார்கள் என்று கண்ணாடியைக் காட்டிச் சொன்னது அவர்தான். தகர டப்பாக் குரலில் சொன்னதும் தூக்கிவிட்டார்கள். முதல் நாளே இவன் படித்திருந்தால் என்ற கணக்கை அவர் அன்று போட ஆரம்பித்தார். அது முடிகிற கணக்கில்லை.

திரைக்கு அந்தப் பக்கம் சத்தம் நின்றிருந்தது. மூன்றாம் நம்பர் கட்டிலைக் காட்டிக் கேட்டபோது, "உள்ள மாத்தியிருக்காங்க" என்றார் நர்ஸ். உள்ளே என்றால் தீவிர சிகிச்சைப் பிரிவு. அங்கே ஒரு வாரம் இழுத்தது. உடம்பை உறையில் கட்டிக் கொடுத்தார்கள். அண்ணியும் டைம் கீப்பரும் தூரத்தில் நின்று பார்த்தார்கள். மைக்கம்மாவுக்கு அதுவும் இல்லை.

கைப்பேசியில் ஓடிய அறிவிப்பை மாற்ற, ஒப்புதல் வந்த பிறகும் சில நாள் ஆயிற்று. அந்த இடைவெளியில்தான் அண்ணி உறவுக்காரர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டு, அவர் போய்விட்டார் என்று சொன்னார். ஒவ்வொரு முறையும் மணி அடிக்கிறதற்கு முன்னால் நாத்தனார் குரல் வந்து, ஆஸ்பத்திரிக்கு வர வேண்டாம் என்றது. பாதிப் பேருக்கு மேல் அவரால் முடியவில்லை. கைப்பேசியை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டு உட்கார்ந்துவிட்டாராம். மீதிப் பேருக்கு டைம் கீப்பர் நேரில் போய்ச் சொன்னார்.

குணமாகி வந்த மைக்கம்மா இரண்டு முறை அண்ணி வீட்டுக்குப் போனார். கதவு திறந்தது, தண்ணீர் கொடுத்தார்கள். அண்ணி பேசவில்லை. மூன்றாவது முறை கதவே திறக்கவில்லை.

பேருந்துகள் ஓட ஆரம்பித்தன. குரல் திரும்பி வந்தது. கொஞ்சம் இறங்கியிருந்தது, அவ்வளவுதான். இப்போது மேடை மாறினால் அவர் ஒருமுறை சொல்வார், டைம் கீப்பரைக் கூப்பிட்டு ஒருமுறை சொல்ல வைப்பார். ஓட்டுநர்கள் இதற்கும் கிண்டல் வைத்திருந்தார்கள், ஆனால் அவர் காதில் விழும்படி சொல்வதில்லை.

தடுப்பூசி வந்தபோது அலுவலர் மறுபடி படியேறினார். இன்னும் ஒல்லியாகியிருந்தார்.

"மேடம், உங்க குரல்தான் வேணும்னு மேலிடத்துல கேக்கறாங்க. வெளிநாட்டுக் குழுவும் கேக்குது."

"இதுல ஏதாவது மாத்திச் சொல்ல வேண்டி வந்தா யார் சொல்வாங்க?"

"நீங்கதான்."

"நான் செத்துட்டா?"

அலுவலர் கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"முதல்ல எனக்கப்புறம் சொல்லப்போற ஆளைக் காட்டுங்க. கீழே ஒருத்தன் இருக்கான், அவனையும் படிக்கச் சொல்லுங்க. ஊர்ல பாதிக்கு அவன் குரல் போகட்டும். கடைசியில ஒரு வரி சேருங்க. இது இன்னிக்குத் தெரிஞ்சது, மாறினா வேற யாராவது வந்தும் சொல்வாங்க, அவங்க சொல்றதையும் கேளுங்கன்னு."

"மாறும்னு போட்டா ஜனங்க நம்ப மாட்டாங்க மேடம். நீங்களே சொன்னீங்கல்ல."

"சொன்னேன்" என்றார் மைக்கம்மா. "அந்த வரி இல்லாம படிக்க மாட்டேன்."

அந்த வரிக்கு ஒப்புதல் வர நாளாயிற்று. வந்தது.

பேருந்து நிலையத்துக் காத்திருப்புக் கூடத்திலேயே முகாம் போட்டார்கள். ஒரு காலையில், மூன்றாம் மேசை முன்னால் நீண்ட வரிசையில், அண்ணி ஒரு பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கூண்டிலிருந்து பார்த்த மைக்கம்மா இறங்கி வந்தார். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தும் உட்காரவில்லை.

"அண்ணி."

அண்ணி முன்னால் இருப்பவரின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முதுகிடமே கேட்பதுபோலக் கேட்டார்.

"எங்க தெருவுக்கு வந்த வேன்ல பேசினது யாரு?"

"டைம் கீப்பர்."

"அன்னிக்கு பஸ்ஸை எடுத்துட்டு வந்தவரா?"

"ஆமா."

"அதான் வந்தேன்."

மைக்கம்மா மறுபடி படியேறிக் கூண்டுக்குப் போனார்.

கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து நர்ஸ் கையைக் காட்டினார். மூன்றாம் மேசையில் மருந்து தீர்ந்துவிட்டது. வரிசையை ஏழாம் மேசைக்கு மாற்ற வேண்டும். மைக்கம்மா மைக்கை எடுத்தார். கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தார். அண்ணி கழுத்தை நிமிர்த்தி, ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மைக்கம்மா மைக்கை அணைத்துவிட்டு, படிக்கட்டுப் பக்கம் குனிந்து, "மேல வாடா" என்றார்.

டைம் கீப்பர் மூச்சு வாங்க ஏறி வந்தார். "ரெண்டு பேருமா அக்கா?"

"நீ மட்டும்."

சரளைக் கல் குலுங்கியது. மூன்றாம் மேசையில் இருப்பவர்கள் ஏழாம் மேசைக்குப் போகவும்.

அண்ணி எழுந்தார். பையை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்.